கேஷ்பேக் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தென்காசி மாவட்டத்தில் குதிரைப் பந்தய மைதானம் கிடையாது. சென்னையில் உள்ள கிண்டி மைதானத்துக்குப் போக வேண்டுமென்றால் சுமார் 600 கிலோமீட்டர். ஆனால் ரேஸ் பார்க்காமலே பணம் கட்டவைக்கும் அழைப்புக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. 'தோற்றாலும் 10 சதவீதம் கேஷ்பேக்' என்ற செய்தி குற்றாலத்தில் இருப்பவர் கைபேசிக்கும் வரும், சுரண்டையில் பீடி சுற்றும் வீட்டுக்கும் வரும். அதை நம்பிப் பணம் கட்டுமுன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: கேஷ்பேக் இருந்தால் கைநஷ்டம் வராது.

உண்மை: ஐந்து குதிரைகள் ஓடும் ஒரு ரேஸை எடுத்துக்கொள்வோம். பந்தயப் பணம் வாங்கும் புக்கி, ஜெயித்தால் கட்டிய பணத்தோடு கூடுதலாகத் தரும் விலை ரூபாய்க்கு முறையே 2, 3, 4, 4, 5. எந்தக் குதிரை ஜெயித்தாலும் 600 ரூபாய் கைக்கு வரும்படி கட்ட, 200, 150, 120, 120, 100 என மொத்தம் 690 ரூபாய் வேண்டும். அதாவது 90 ரூபாய், சுமார் 13 சதவீதம், புக்கியின் பங்கு. தோற்ற குதிரைகள் மேல் கட்டியதற்கு 10 சதவீதம் திரும்பக் கிடைத்தால் 49 முதல் 59 ரூபாய் வரும். அதற்குப் பிறகும் 31 முதல் 41 ரூபாய் வரை நஷ்டம்தான். திரும்பி வருவது நம்மிடம் எடுத்ததில் ஒரு பகுதி மட்டுமே.

நம்பிக்கை: பந்தயச் செயலி தரும் போனஸ் இலவசப் பணம்.

உண்மை: பெரும்பாலும் அதை உடனே எடுக்க முடியாது. '10 மடங்கு விளையாடிய பிறகே எடுக்கலாம்' என்பது போன்ற நிபந்தனை இருக்கும். 1,000 ரூபாய் போனஸுக்கு 10,000 ரூபாய் பந்தயம் கட்டவேண்டும். மேலே சொன்ன 13 சதவீதப்படி அதில் சராசரியாக 1,300 ரூபாய் போய்விடும்.

நம்பிக்கை: கேஷ்பேக்கை வைத்தே சம்பாதித்தவர்கள் உண்டு.

உண்மை: உண்டு, ஆனால் அவர்கள் வேறு ரகம். ஹாங்காங் ஜாக்கி கிளப் சில வகைப் பந்தயங்களில் 10 சதவீதம் திருப்பித் தருகிறது. அதற்கு ஒரே பந்தயத்தில் குறைந்தது 10,000 ஹாங்காங் டாலர், நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல், கட்டித் தோற்றிருக்க வேண்டும். அதே ஊரில் பெரும் பணம் ஈட்டிய பில் பென்டர், 1980களிலிருந்து பல ஆண்டுகள் உழைத்துக் கணினிக் கணக்கு முறை ஒன்றை உருவாக்கியவர். துல்லியமான கணிப்பு உள்ளவருக்கே கேஷ்பேக் கைகொடுக்கும். கணிப்பு இல்லாதவரின் நஷ்டத்தை அது கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதால் எங்கே கட்டினாலும் சட்டப்படி சரி.

உண்மை: 1996 ஜனவரியில் வந்த அந்தத் தீர்ப்பு சென்னை ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் சொல்லப்பட்டது. எங்கிருந்தோ இயங்கும் செயலிக்கு அது உரிமம் ஆகாது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. ஈடுபடுபவருக்கே 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நம்பிக்கை: ஜெயித்ததில் தோற்றதைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி கட்டினால் போதும்.

உண்மை: கழிக்க முடியாது. பந்தய வெற்றிக்கு வருமான வரி 30 சதவீதம். தோற்ற தொகைக்கு அதில் விலக்கு இல்லை. இதோடு 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 10 சதவீத கேஷ்பேக்கால் இதை ஈடுகட்டவே முடியாது.

ஏற்கெனவே பணம் கட்டிச் சிக்கியவர்கள், போனதைப் பிடிக்க இன்னொரு முறை கட்டவேண்டாம். பணம் அனுப்பிய விவரங்களைப் பத்திரப்படுத்தி, ஏமாற்றப்பட்டிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். விடமுடியாத பழக்கமாகிவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வீட்டில் மறைக்காமல் சொல்லிவிட்டால் கடன் வளர்வதை அங்கேயே நிறுத்தலாம்.