படியும் சாய்தளமும்

முன்னுரை

ஒரு சமுதாயத்தின் பண்பாட்டை அதன் இலக்கியங்கொண்டு அளப்பது தமிழ் பயில்வோர் வழக்கம். அச்சமுதாயம் கட்டிய வாயிற்படிகளைக் கொண்டும் அதனை அளக்கலாம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமைந்துள்ள அமர் சேவா சங்கத்திற்கு மாணவர்களுடன் சென்றுவந்த நாளில் இவ்வுண்மையை நாம் உணர்ந்தோம். அங்குக் கண்டதையும் அதனால் நம்முள் எழுந்த எண்ணங்களையும் உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் வந்த வழி

புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், கூன், குறள், ஊமை, செவிடு முதலிய எட்டினையும் 'எச்சம்' எனத் தொகுத்துரைக்கின்றார். பயனற்ற பிறப்பு என்னும் அக்கால எண்ணம் அப்பாட்டில் புலனாகின்றது. வள்ளுவர், ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறியின்மை எவர்க்கும் பழியாகாது என்கின்றார். 'பொறி' என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார். உடலுறுப்பு எனக் கொள்வாரும் உளர். பின்னவர் கொள்ளும் பொருளில், உடற்குறையினின்றும் பழியை நீக்கிய பழங்குரல் அக்குறள் எனலாம். அண்மைக் காலம்வரை 'ஊனமுற்றோர்' என்றிருந்த அரசு வழக்கு, 2010ஆம் ஆண்டளவில் 'மாற்றுத்திறனாளிகள்' என மாறியது. சொல் மாறிவிட்டது; சொல்லுக்கேற்பப் படிகள் மாறினவா என்பதே நம் வினா.

சங்கத்தின் தோற்றம்

சங்கத்தை நிறுவிய திரு. எஸ். இராமகிருஷ்ணன் ஆய்க்குடியைச் சேர்ந்தவர். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1976ஆம் ஆண்டு கடற்படை அதிகாரிக்கான தேர்வில் பெங்களூரில் மரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே உடலியக்கம் இழந்தார். தமக்கு மருத்துவம் செய்து ஊக்கமூட்டிய படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்திற்குச் சூட்டினார். ஐக்கிய நாடுகள் அவை ஊனமுற்றோர்க்கான அனைத்துலக ஆண்டாக அறிவித்த 1981இல், கூரைக் கொட்டகை ஒன்றில், ஐந்து குழந்தைகளுடன் பணி தொடங்கியது. தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்கர் திரு. எஸ். சங்கர ராமன் 1992இல் வந்து இணைந்தார். 2020ஆம் ஆண்டு இராமகிருஷ்ணன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. உதவி பெறுவோர் எனப் பிறரால் கருதப்படுவோரே அங்கு நிறுவனத்தை நடத்துவோராக விளங்கியமை எண்ணத்தக்கது.

கண்டவை

முப்பது ஏக்கர் பரப்பில் பள்ளி, விடுதி, இயன்முறை மருத்துவப் பிரிவு, தொழிற்பயிற்சிக் கூடம் ஆகியன அமைந்துள்ளன. உடற்குறையுடைய குழந்தைகளும் ஏனைய குழந்தைகளும் பள்ளியில் ஒருங்கே பயில்கின்றனர். காலிப்பர் செய்யும் பட்டறையில் நாம் நெடுநேரம் நின்றோம். காலிப்பர் கடையில் வாங்கும் செருப்பன்று. ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியே அளவெடுத்துச் செய்யப்படுவது. குழந்தை வளர வளர மீண்டும் அளவெடுத்து மாற்றவேண்டுவது. பிள்ளையின் அளவுக்குக் கருவி அமைகின்றதேயன்றிக் கருவியின் அளவுக்குப் பிள்ளை அமைவதில்லை. கட்டடங்களிலும் அதே நெறி. சக்கர நாற்காலியில் செல்வோர் யாரையும் அழையாது சாய்தளம் வழியே தம் போக்கில் சென்றனர். அவர்களைத் தூக்கிவிட முன்வந்த நம் மாணவர்களுக்குத்தான் அங்கு வேலையில்லாது போயிற்று.

நம் குறை

அக்காட்சி பழைய நினைவொன்றைக் கிளறியது. இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு கல்லூரியில் நாம் பணியாற்றியபோது, இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் வலுவிழந்த மாணவர் ஒருவர் நம் வகுப்பில் சேர்ந்தார். வகுப்பறை மாடியில் இருந்தது. நண்பர் இருவர் நாள்தோறும் அவரைத் தூக்கிவந்தனர். அவர்தம் நட்பை நாம் வகுப்பிலேயே வியந்து பாராட்டினோம். அம்மாணவர் மட்டும் தலைகுனிந்திருந்தார். இரண்டாம் பருவத்தில் அவர் வரவில்லை. கழிப்பறைக்கு இறங்க நேருமென அஞ்சிப் பகல் முழுதும் அவர் தண்ணீர் அருந்தியதில்லை என்பதனை நண்பர்கள் வாயிலாகப் பின்னரே அறிந்தோம். கீழ்த்தளத்தில் ஓர் அறை வெறிதே கிடந்தது. வகுப்பை அங்கு மாற்ற ஒரு விண்ணப்பம் போதும். நட்பைப் பாராட்டத் தெரிந்த நமக்கு, அவ்விண்ணப்பத்தை எழுதத் தோன்றவில்லை.

சட்டமும் கணக்கும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கின்றது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றவை ஏழே. அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில், நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடையோர்க்கு ஐந்து விழுக்காட்டிற்குக் குறையாமல் இடம் ஒதுக்கவும் புதிய சட்டம் பணிக்கின்றது. இடம் ஒதுக்கியபின் அவ்விடத்தை அடைய வழியும் வேண்டுமன்றோ? சாய்தளத்திற்கு ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பொதுவிதி. அதனினும் செங்குத்தாயின் நாற்காலியைத் தாமே உருட்டி ஏறுதல் அரிது.

முடிவுரை

ஆய்க்குடியிலிருந்து மீண்ட மறுநாள், நம் துறையின் வாயிற்படிகளை மாணவர்கள் அளந்தனர். படிகள் மூன்று, ஒவ்வொன்றும் அரையடி உயரம். அவ்வாறாயின் 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். வாயிலின் வலப்புறம் அதற்குப் போதிய இடம் உள்ளது. முன்னர் எழுதத் தவறிய விண்ணப்பத்தை இம்முறை எழுதிக் கல்லூரி நிருவாகத்திடம் அளித்துள்ளோம். இம்மலரைப் படிக்கும் சான்றோர் பெருமக்கள் அதற்குத் துணைநிற்க வேண்டுகின்றோம். இனி வரும் மாணவர் எவரும் நம் துறைக்குள் பிறர் தோளில் ஏறி வருதல் வேண்டா, தாமே வருக.