கதிரின் அளவு

சேலம், நாமக்கல் சமவெளியிற் குச்சிக்கிழங்கு பயிரிட்டு வாழ்ந்த முதியவர் ஒருவர், அகவை எழுபத்திரண்டு. அவருடைய மகன் என்னிடம் தமிழ் பயின்றவன். ஒருநாள் கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருந்த முதியவர்க்குத் திடீரெனச் சொல் தடுமாறிற்று, வலக்கை சோர்ந்தது. படம் எடுத்துப் பார்த்தபொழுது மூளையின் இடப்பக்கத்தே கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை மருத்துவர் இயன்றவரை அதனை நீக்கினார். நீக்கிய தசையை நுண்ணோக்கியால் ஆராய்ந்தவர்கள், அது ‘கிளையோபிளாஸ்டோமா’ என்னும் கொடிய வகையினது என்றனர்.

எஞ்சியதனைக் கதிரால் ஒடுக்க வேண்டும். அதன்பொருட்டுப் பெரிய மருத்துவமனை ஒன்றிற்கு யானும் அவர்களுடன் சென்றேன். அங்கே அதே நோயுடைய நாற்பது வயதினர் ஒருவர்க்கு 30 நாள் கதிர் குறித்திருந்தனர். நம் முதியவர்க்கோ 15 நாளே குறித்தனர். மகன் முகம் கறுத்தது. “அம்மா, எங்களிடம் பொருள் இல்லை என்றா பாதியாகக் குறைத்துவிட்டீர்கள்? காட்டை விற்றாவது கட்டுகிறேன், முழுதும் கொடுங்கள்” என்றான். மருத்துவ அம்மையார் சினவாது அவனை அமரச் செய்து விளக்கினார். அவர் கூறியவற்றையும், பின்னர் யான் கற்றறிந்தவற்றையும் ஈண்டு எழுதுகின்றேன்.

உடல் ஏற்கும் கதிரை ‘கிரே’ என்னும் அலகால் அளப்பர். ஒரு கிலோகிராம் தசை ஒரு ஜூல் ஆற்றலை ஏற்பின் அஃது ஒரு கிரே. லூயி ஹரால்டு கிரே என்னும் ஆங்கில அறிஞரின் பெயரால் 1975இல் இவ்வலகு ஏற்கப்பெற்றது. அறுபது கிரே ஒருங்கே பாய்ந்தாலும் ஒரு குவளை நீர் வெதுவெதுப்பாகாது. ஆயினும் அஃது உயிரணுவின் உள்ளிழையை அறுக்க வல்லது. ஆதலின் நாளொன்றுக்கு 2 கிரேயாக, வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம் பகிர்ந்தளிப்பர். ஒருநாளைக்கும் மறுநாளைக்கும் இடையே நல்ல அணுக்கள் தம் புண்ணை ஆற்றிக்கொள்ளும். நோயணுக்கள் அவ்வளவு ஆற்றமாட்டா.

“கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே, பின்னும் எதற்கு?” என்று முதியவர் திக்கித் திக்கிக் கேட்டார். கட்டியின் நுண்வேர்கள் கண்ணுக்குப் புலனாகாமல் நல்ல மூளையினுள் ஓடியிருக்கும் என்றார் அம்மையார். முதியவர் தலையசைத்து, “கோரை” என்றார். மேலே பிடுங்கினாலும் மண்ணுள் கிழங்கு தங்கித் தழைக்கும் களை அன்றோ அது! யான் பக்கம் பக்கமாகப் படித்தறிந்ததை அவர் ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்.

அங்ஙனமாயின் மிகுதியாகக் கொடுத்தால் என்ன? அளவை 50 கிரேயிலிருந்து 60 கிரேயாக உயர்த்தியபோது நோயாளர் கூடுதலாக வாழ்ந்தனர் என 1970களின் ஆய்வுகள் காட்டின. 70 ஆக உயர்த்தியபோதோ பயன் கூடவில்லை. மேலும், கட்டியின் அருகே பார்வை நரம்பு இருப்பின் அதன்மேல் ஏறத்தாழ 54 கிரேக்கு மேல் படாவண்ணம் காப்பர். அளவு மிகின் நல்ல மூளையே நைந்து, திங்கள் பல கழித்து நினைவு குன்றுதலும் உண்டு. வளரும் குழந்தைகட்கு இத்தீங்கு பெரிது. சிறுமூளைக் கட்டி ஒருவகையில், நோய் பரவாத பிள்ளைகட்கு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் முன்னர் அளித்த 36 கிரேயை, மருந்தும் சேர்த்து 23.4 ஆகக் குறைத்துள்ளனர்.

முதியோர் நிலை வேறு. அறுபது வயதைக் கடந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு 30 நாளில் 60 கிரேயும், மற்றவர்க்கு 15 நாளில் 40 கிரேயும் அளித்த கனடா ஆய்வு 2004இல் வெளிவந்தது. நாள்தோறும் பெறும் அளவு பின்னவர்க்குச் சற்று மிகுதி. வாழ்நாளில் வேறுபாடு புலப்படவில்லை. இரு பிரிவிலும் பாதிப்பேர் ஐந்தாறு திங்களைக் கடந்திலர். டெமோசோலமைடு என்னும் மாத்திரையை இக்குறுகிய முறையோடு சேர்த்தால் ஆயுள் ஓரளவு நீள்வதை 2017இல் வந்த ஆய்வு காட்டிற்று.

அம்மையார் இவற்றை மறைக்கவில்லை. “தம்பி, நோய் முற்றும் நீங்கும் என்று நான் சொல்லமாட்டேன். இருக்கும் நாளில் மூன்று வாரத்தை இந்த வராந்தாவில் கழிப்பதா, வீட்டில் கழிப்பதா என்பதுதான் கேள்வி” என்றார். மகன் நெடுநேரம் பேசவில்லை. முதியவரே, “கிழங்கு பறிக்குமுன் போகலாமா?” என்று கேட்டார். போகலாம் என்றார் அம்மையார்.

தலை அசையாதிருக்க முகத்திற்கேற்ப வலைமூடி ஒன்று வார்த்தனர். மூன்று வாரத்தில் 15 முறையும் முடிந்தன. மாத்திரையும் உடன் கொடுத்தனர். அம்முதியவர் அதன்பின் ஒன்பது திங்கள் வாழ்ந்தார். அறுவடை நாளில் யான் சென்றபோது வரப்போரம் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தார். மூட்டை எண்ணிக்கையில் ஆள் ஒருவன் தவறினான். முதியவர் இடக்கையால் அவனை நிறுத்தி, தடுமாறும் நாவாலேயே அதனைத் திருத்தினார்.