45 நாள் கணக்கு

கேள்வி: பன்னிரண்டு மிஷின் போட்டு ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கிறேன். சனிக்கிழமைக் கூலி ஒருநாளும் தவறியதில்லை. எனக்கு வரவேண்டியதுதான் மூன்று மாதம் இழுக்கிறது. மனைவியின் நகை அடகில். என்ன செய்வது?
– வாசகர், ஆம்பூர்

பதில்: கூலி தவறாத உங்கள் கைக்கு முதல் வணக்கம். நகையை அடகு வைத்துப் பெரிய கம்பெனிக்கு நீங்கள் கடன் கொடுக்கிறீர்கள்; இது அநியாயம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் நாளையே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் வந்தாக வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டுவட்டி. கெடு தாண்டிய பாக்கி மார்ச் முடிவில் நின்றால், வருமான வரியில் அந்தக் கம்பெனியால் அதை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. அவர்கள் கணக்கரிடம் பக்குவமாக நினைவூட்டுங்கள். ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. புகார் கடைசியில் இருக்கட்டும். வரும் பணத்தில் முதலில் நகையை மீட்டுவிடுங்கள்.