விற்பதற்கு முன் பாருங்கள்

ஜவுளிக்கடையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ ஃப்ளோர் சூப்பர்வைசராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? சரக்கு விவரத்தை மனப்பாடம் செய்வதோடு நிற்காதீர்கள். தினமும் அரைமணி நேரம் ஓர் ஓரமாக நின்று, வருகிறவர்களைக் கவனியுங்கள்.

முகத்தைவிடக் கையைப் பாருங்கள். பேரம் பேசிப் பழகிய ஊர் இது. பிடித்திருப்பதைக் காட்டிக்கொண்டால் விலை இறங்காது என்று முகத்தை அடக்கிக்கொள்வார்கள். கைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பட்டுப் பிரிவில் ஒரு கல்யாணக் குடும்பம் வந்து உட்காருகிறது. மணப்பெண் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்க்கிறாள். அம்மா முந்தானையை விரிக்கிறார். சித்தி மட்டும் பேசாமல் புடவையைப் புரட்டி, பின்பக்கம் ஜரிகை இழை தொங்குகிறதா என்று விரலால் தடவுகிறார். பிறகு, வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும், வாசல் பக்கம் எடுத்து வாருங்கள் என்கிறார். பெரும்பாலும் அவர் தலையசைத்த பிறகுதான் புடவை பில்லுக்குப் போகும். மணப்பெண்ணிடமே பேசிக்கொண்டிருக்கும் சேல்ஸ்மேனுக்கு இது தெரிவதில்லை. சித்தி கேட்கும் முன்பே பின்பக்கத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

காய்கறிப் பிரிவில் வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பதைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள். பிஞ்சா முற்றலா என்று நம் வீடுகளில் பார்க்கும் முறையே அதுதான். ஒடிக்கக் கூடாது என்று பலகை மாட்டிவிட்டு, எத்தனை பேர் கூடையை நிரப்பாமல் நகர்கிறார்கள் என்று பாருங்கள்.

2001இல் பிக் பஜார் கடைகளைத் தொடங்கிய கிஷோர் பியானி, வாடிக்கையாளர்களை இப்படிக் கவனித்தவர். பளிச்சென்ற அகலமான வரிசைகளில் மக்கள் நிற்காமல் கடந்துபோவதைக் கண்டு, கடையை வேண்டுமென்றே சந்தைபோல நெருக்கமாக அமைத்தார். அமெரிக்காவில், கடைகளில் மக்கள் வாங்கும் விதத்தை ஆராய்ந்த பாக்கோ அண்டர்ஹில் கண்டது இதற்கு நேர்மாறு. நியூயார்க்கின் புளூமிங்டேல்ஸ் கடையில் வாசலை ஒட்டி டை மாட்டிய ஸ்டாண்டு இருந்தது. அங்கே நின்றவர்கள், பின்னால் போகிறவர்கள் ஓரிரு முறை இடித்ததும் வாங்காமலே விலகினார்கள். 1999இல் வந்த ‘ஒய் வி பை’ நூலில் இதை எழுதியிருக்கிறார்.

இரண்டில் எது சரி என்று கேட்காதீர்கள். உங்கள் கடையைப் பாருங்கள். சென்னை ரங்கநாதன் தெருவில் இடிபட்டுக்கொண்டே பேரத்தை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதே ஆட்கள்தான், உள்ளாடைப் பிரிவுக்குப் பின்னால் ஆண்கள் நடந்துபோகும் வழி இருந்தால் அங்கே நிற்க மாட்டார்கள். ஒரே கடைக்குள் தளத்துக்குத் தளம் இது மாறும்.

பார்த்ததை அன்றே நோட்டில் எழுதுங்கள். நேரம், பிரிவு, செய்த காரியம், அவ்வளவு போதும். ‘வாங்க வசதியில்லாதவர்’ என்று எழுதினால் அது உங்கள் ஊகம். ‘விலைச்சீட்டை மூன்று தடவை பார்த்தார், வைத்துவிட்டுப் போனார்’ என்பதுதான் நீங்கள் கண்டது. செருப்பையும் சட்டையையும் வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் கடைக்காரர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அது வாடிக்கையாளரை அவமதிக்கிறது, விற்பனையையும் கெடுக்கிறது.

மேனேஜரிடம் சொல்லிவிட்டே இதைச் செய்யுங்கள். போட்டோ எடுக்க வேண்டாம். யார் பின்னாலும், குறிப்பாகப் பெண்கள் பின்னால், போகவே கூடாது. ஒருவர் உங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நோட்டு ஓரளவு நிரம்பியதும் ஒரே ஒரு மாற்றத்தை மேனேஜரிடம் கேளுங்கள். ஒரு மேசையை நகர்த்துவது, ஒரு விளக்கைக் கூட்டுவது போதும். மாற்றுவதற்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும், அதே கிழமைகளில், அதே நேரத்தில், அங்கே நின்றவர்களையும் வாங்கியவர்களையும் எண்ணி வையுங்கள். ஆனி முகூர்த்த வாரத்தை ஆடித் தள்ளுபடி வாரத்தோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். முதலாவது கல்யாண ஜவுளிக்கு வரும் கூட்டம், இரண்டாவது விலை பார்த்து வரும் கூட்டம். மேசையை எங்கே போட்டாலும் கணக்கு வேறாகத்தான் வரும்.