வலைத்தள வடிவமைப்பாளரின் விடுமுறை

(இரண்டாம் ஆண்டு, இளங்கலைக் கணிதம்)

வீடு கட்டுமுன் அதன் வரைபடத்தை வரைந்து தர ஒருவர் வேண்டும். இணையத்தில் நாம் காணும் பக்கங்களுக்கும் அத்தகைய ஒருவர் உண்டு. எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும், படம் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே செல்ல வேண்டும் என்பவற்றையெல்லாம் முடிவு செய்யும் அவரே வலைத்தள வடிவமைப்பாளர் ஆவார்.

இத்தொழிலுக்கு வயது அதிகமில்லை. செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ 1990ஆம் ஆண்டின் இறுதியில் முதல் வலைத்தளத்தை உருவாக்கினார். அதில் அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. தட்டச்சு செய்த தாளைப் போல வரிகளே இருந்தன. பக்கத்தின் பொருளையும் தோற்றத்தையும் பிரித்துத் தனித்தனியே எழுதும் சி.எஸ்.எஸ். என்னும் முறையை ஹோகோன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்தார். அதன்பின் வடிவமைப்பு தனித்தொழிலாக வளர வழி பிறந்தது.

என் பெரியப்பா மகன் கோயம்புத்தூரில் இப்பணி செய்கிறார். அவருடைய அன்றாட வாழ்வில் வியப்புக்குரியது அதிகமில்லை. காலை முதல் மாலை வரை திரையைப் பார்த்திருப்பார். ஒரு பொத்தான் நீலமா பச்சையா என்பதற்கு இரண்டு நாள் கூட்டம் நடக்குமாம். இத்தகையவர் விடுமுறையில் தூங்கித்தான் கழிப்பார் என்று எண்ணியிருந்தேன். 2025ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு அவர் ஊருக்கு வந்தபோதுதான் என் எண்ணம் பிழை என்று தெரிந்தது.

போகியன்று காலையிலேயே அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார். அவர் தேடிச் சென்றது கையால் எழுதிய பழைய பெயர்ப்பலகைகளை. பிளெக்ஸ் வந்தபிறகு அவை அருகிவிட்டன. மூடிக் கிடந்த அரிசி மண்டி ஒன்றின் பலகையில் 'லை' என்னும் எழுத்து யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்து நின்றது. பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. ணை, லை, றா முதலிய 13 எழுத்துகள் இன்றைய வடிவம் பெற்றன. ஆகவே அப்பலகை அதற்கு முற்பட்டதாக இருக்கலாம் என்றார் அண்ணன். எழுத்தின் தடிப்பு எங்கே மெலிகிறது என்பதைக் கட்டம் போட்ட நோட்டில் வரைந்துகொண்டார். வேலைக்கு இது பயன்படுமா என்று கேட்டேன். "எல்லாமே பயன்படணுமா தங்கச்சி?" என்று சிரித்தார்.

ஆனால் பயன் இல்லாமலும் போகவில்லை. 'கொ' நமக்கு ஓரெழுத்து. கணிப்பொறியோ அதைக் ககரம் ஒன்றும் ஒகரக் குறி ஒன்றுமாக இரண்டு எண்களாய்ச் சேமிக்கிறது. திரையில் ககரத்தின் இருபுறமும் குறிகள் நிற்கின்றன. ஆங்கிலத்தில் செய்வதுபோல் எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் சில திரைகளில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறிவிடும். 'அப்ளை' என்று ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தில் முடிவது தமிழில் 'விண்ணப்பிக்கவும்' என ஒன்பது எழுத்தாகிறது. ஆங்கிலத்திற்கென அளந்து வைத்த பொத்தானில் வால் வெட்டுப்படுகிறது.

மறுநாள் வாசலில் அப்பத்தா கோலமிட, அண்ணன் எதிரே குத்துக்காலிட்டு அமர்ந்தார். 7 புள்ளி, ஊடுபுள்ளி, 4 வரை. நடுவரிசையில் 7, இருபுறமும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளிகள். கொல்லைப்புறப் படியில் அதே கோலத்தை அப்பத்தா 5 புள்ளி, 3 வரையாகச் சுருக்கினார். 19 புள்ளிகளில் கோலம் அடங்கிற்று. "வாசலைப் பார்க்காம புள்ளி வைப்பாகளாடா?" என்பது அவர் சொன்ன விளக்கம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி முதலியோர் கோலங்களின் இலக்கணத்தைக் கணிப்பொறி அறிவியல் நோக்கில் ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள் என்பதைக் கணித மாணவியாகிய நான் அண்ணனிடமிருந்துதான் அறிந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திரையின் அகலத்திற்கேற்பத் தானே மாறி அமையும் பக்கங்களைப் பற்றி ஈத்தன் மார்காட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் 2010இல் எழுதினார். இன்று அதுவே பொது வழக்கு. அப்பத்தா சொன்னதும் அதுதானே!

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலாண்டில் உதவித்தொகைக்குக் கைப்பேசியில் விண்ணப்பித்தேன். எல்லாவற்றையும் நிரப்பி 'சேமி' என்பதை அழுத்தினேன். முடிந்தது என்று நினைத்தேன். 'சமர்ப்பி' என்னும் மற்றொரு பொத்தான் திரைக்கு வெளியே வலப்புறம் இருந்திருக்கிறது. பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளினால்தான் தெரியும். அதைச் சொல்லும் குறிப்பு வெள்ளை மீது வெளிர்சாம்பல் நிறத்தில் இருந்தது. கடைசி நாள் கடந்தபிறகே தெரியவந்தது. விடுதி உணவுக் கட்டணத்திற்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று. என் கவனக்குறைவு என்றே வீட்டில் எல்லாரும், நானும், நம்பினோம்.

மாட்டுப்பொங்கலன்று இதைக் கேட்ட அண்ணன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்றிருக்க வேண்டும் என 2008இல் வெளியான உலகளாவிய நெறிமுறை கூறுகிறதாம். அங்கே அதில் பாதிகூட இல்லை. "தப்பு உன்மேல இல்லை" என்றார். ஓராண்டுக்குப்பின் அச்சொல்லைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

விடுமுறையின் எஞ்சிய நேரம் அவ்விண்ணப்பத்திற்கே போயிற்று. நோட்டில் அதை ஒரே பத்தியாக வரைந்தார். பிறகு கைப்பேசியில் மாதிரி ஒன்று செய்தார். 5 பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 2000இல் எழுதியிருக்கிறாராம். எங்கள் வீட்டில் 5 பேருக்குக் குறைவில்லை. 'விவரங்களை உறுதிசெய்க' என்ற இடத்தில் அம்மா விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார். அண்ணன் அதை 'எல்லாம் சரி, அனுப்பு' என்று மாற்றினார். அம்மா உடனே அழுத்தினார்.

அம்மாதிரியை அண்ணன் உரிய அலுவலகத்திற்கு அனுப்பிவைத்தார். பதில் இல்லை. இவ்வாண்டு நான் விண்ணப்பித்தபோதும் பொத்தான் பழைய இடத்திலேயே இருந்தது. அது எங்கிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் அனுப்பிவிட்டேன். விடுதியில் என் அறைத் தோழியர் நால்வருக்கும் திரையைத் தள்ளிக் காட்டினேன். அவர்களுள் ஒருத்தி முந்தின வாரமே 'சேமி'யை அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்தவள்.