கம்ப்யூட்டரில் படமா, தியேட்டரில் படமா? ஒரு சின்னக் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி எழும்: "இனி தியேட்டருக்குப் போகத்தான் வேண்டுமா?" எங்கள் ஊர் சித்தையன்கோட்டைக்கு நான் லீவில் போகும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் இதைக் கேட்பார்கள். புதுப்படம் என்றால் திண்டுக்கல் போக வேண்டும். நான்கு பேருக்கு பஸ், டிக்கெட், இடைவேளை முறுக்கு, காபி என்று செலவு ஏறும். சாப்ட்வேர் வேலையில் இருப்பதால் நான் இதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்வேன்.

முன்பெல்லாம் படம் வீட்டுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். 2013-ல் 'விஸ்வரூபம்' படத்தை டி.டி.எச். வழியாகத் தர கமல்ஹாசன் முயன்றபோது தியேட்டர்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வெளியானது. 2021 ஜனவரி 13-ல் தியேட்டருக்கு வந்த 'மாஸ்டர்', 16 நாளில் பிரைமுக்கு வந்துவிட்டது. ஆகவே காத்திருப்பது பெரிய விஷயமில்லை. வேறு என்ன வித்தியாசம் என்று பார்ப்போம்.

1. புள்ளிகள்

திரையில் தெரியும் படம் பிக்ஸல் எனும் சிறு புள்ளிகளால் ஆனது. 2கே புரொஜக்டர் உள்ள தியேட்டரில் 2048 x 1080, அதாவது சுமார் 22 லட்சம் புள்ளிகள். உங்கள் ஃபுல் எச்.டி. மானிட்டரில் 1920 x 1080, சுமார் 21 லட்சம். கிட்டத்தட்ட சமம்!

2. டேட்டா

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் படம் நொடிக்கு 250 மெகாபிட் வரை டேட்டா தரலாம். இன்டர்நெட்டில் ஃபுல் எச்.டி. படம் நொடிக்கு சுமார் 5 மெகாபிட்டில் ஓடிவிடும். தியேட்டர் பைலில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக இருக்கும். இன்டர்நெட்டில் வருவதில் பெரும்பாலும் முந்தைய ஃபிரேமிலிருந்து மாறிய பகுதி மட்டுமே வரும். சாதாரணக் காட்சியில் இது கண்ணுக்குத் தெரியாது. மழை, புகை, இருட்டு வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைவதைக் கவனியுங்கள்.

உங்கள் பேக்கையும் பாருங்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 5 மெகாபிட் வேகத்தில் இரண்டரை மணி நேரப் படத்துக்கு சுமார் ஐந்தரை ஜிபி செலவாகும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் பேக்கில் இது பாதிகூட ஓடாது. படத்தின் குவாலிட்டியைக் குறைத்து வைக்க வேண்டியிருக்கும்.

3. திரையின் அளவு

40 அடி அகலத் திரையை 60 அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். தூரம், திரை அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு. 24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 21 அங்குலம் (24 என்பது மூலைக்கு மூலை அளவு). அதை இரண்டரை அடியில் இருந்து பார்த்தால் தியேட்டர் திரை அளவுக்கே தெரியும். ஆனால் அங்கே ஒருவர்தான் உட்கார முடியும்! குடும்பமாக 8 அடி தள்ளி உட்கார்ந்தால் மூன்றில் ஒரு பங்கு அகலம்தான் தெரியும். சினிமாஸ்கோப் படமாக இருந்தால் மானிட்டர் உயரத்தில் கால் பாகம் கறுப்புப் பட்டைக்கே போய்விடும்.

4. ஒலி

தியேட்டரில் முன்னும் பக்கவாட்டிலும் பின்னும் ஸ்பீக்கர்கள் உண்டு. லேப்டாப்பின் இரண்டு சிறு ஸ்பீக்கர்களில் அந்த அதிர்வு வராது. நல்ல ஹெட்போன் ஓரளவு கைகொடுக்கும்.

வீட்டில் டி.வி. இருந்தால்

* கம்ப்யூட்டரையும் டி.வி.யையும் எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைக்கவும். டி.வி. ரிமோட்டில் அந்த இன்புட்டைத் தேர்ந்தெடுக்கவும்.
* விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு 'பி' எழுத்தைத் தட்டவும். வரும் மெனுவில் 'டூப்ளிகேட்' என்பதைக் கிளிக் செய்யவும்.
* சத்தம் வரவில்லையா? டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து டி.வி.யின் பெயரைத் தேர்ந்தெடுக்கவும்.

43 அங்குல டி.வி. என்றால் அதே 8 அடியில் தியேட்டர் அகலத்தில் பாதிக்கு மேல் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை

புதுப்படம் இலவசம் என்று சொல்லும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். 'டவுன்லோட்' பட்டன் என்று நீங்கள் அழுத்துவது வைரஸாக இருக்கலாம். பாங்க் பாஸ்வேர்டும் குடும்பப் போட்டோக்களும் அதே கம்ப்யூட்டரில்தானே இருக்கின்றன? 2023-ல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராப் சட்டப்படி, தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

என் பரிந்துரை

பிரம்மாண்டம், சண்டை, இசை இவற்றுக்காகப் பார்க்கும் படமென்றால் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். அந்தக் காசு வீண் போகாது. வசனமும் கதையுமாக நகரும் படத்தை வீட்டிலேயே பாருங்கள். மாடிப்படி ஏற முடியாத பாட்டியும், பாதியில் தூங்கிவிடும் குழந்தையும் வீட்டில் இருந்தால், நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் அந்த 'பாஸ்' பட்டனுக்கு ஈடு எந்த தியேட்டரிலும் கிடையாது.