பணம் வரும் முன் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதலாமா?

கேள்வி: துபாய் தேராவில் ஒரு வணிக நிறுவனத்தில் எட்டரை ஆண்டுகளாகக் கணக்கு உதவியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். பேசிக் 3,000 திர்ஹம், மற்ற அலவன்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 5,500. அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லாததால் ஊரோடு வந்துவிட முடிவு செய்து, நவம்பர் 23-ஆம் தேதி மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் ராஜினாமா அனுப்பினேன். ‘ஓகே’ என்று பதில் வந்தது. டிசம்பர் 23, 2025 கடைசி நாள். அன்றிரவே திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். ஐந்து வருடங்களாகக் கிறிஸ்துமஸுக்கு நான் வீட்டில் இல்லை. இப்போது எச்.ஆர். ஒரு காகிதத்தைத் தந்து, ‘எனக்குச் சேரவேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்’ என்பதில் கையெழுத்துக் கேட்கிறார். ‘வருடக் கணக்கு முடித்து ஜனவரி கடைசியில் பணம் அனுப்புவோம். கையெழுத்து இல்லாவிட்டால் விசா கேன்சல் ஆகாது, நீங்கள் ஊருக்குப் போக முடியாது’ என்கிறார். பாஸ்போர்ட் ஆபீஸ் லாக்கரில் இருக்கிறது. ஒப்பந்தப் பிரதி என்னிடம் இல்லை. நானாக விலகியதால் கிராஜுவிட்டி குறையும் என்கிறார்கள் அறை நண்பர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு வந்தபின் கேட்டு வாங்க முடியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், துபாய்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எத்தனையோ விஷயங்கள் இருந்தாலும் வழக்கின் தலையெழுத்தைத் தீர்மானிக்கப்போவது இந்த ஒரு காகிதம்தான். கிராஜுவிட்டி எவ்வளவு, லீவு சம்பளம் எத்தனை நாள் என்பதெல்லாம் பத்து நிமிடக் கணக்கு. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று உங்கள் கைப்படக் கையெழுத்து இருந்தால், பெறவில்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழுகிறது. வங்கிக் கணக்கைக் காட்டி நிரூபிக்க முடியலாம். ஆனால் ‘கையில் ரொக்கமாகக் கொடுத்தோம்’ என்று எதிர்த்தரப்பு ஒரு வரி சொன்னால், அதை உடைக்க நீங்கள் மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு எத்தனை மாதம் போராடுவீர்கள்?

ஜனவரி கடைசி என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம், 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 53-ஆம் பிரிவுப்படி, வேலை முடிந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் சம்பள பாக்கி உட்பட அனைத்தையும் கொடுத்துவிட வேண்டும். உங்கள் விஷயத்தில் அது ஜனவரி 6, 2026. நிறுவனம் வருடக் கணக்கை எப்போது முடிக்கிறது என்பது உங்கள் கவலை அல்ல.

‘விசா கேன்சல் ஆகாவிட்டால் போக முடியாது’ என்பது வெறும் மிரட்டல். செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் ரெசிடன்ஸ் விசாவும் கையில் இருக்கும் ஒருவர், வழக்கோ பயணத் தடையோ இல்லாதவரை, விமானம் ஏறலாம். நீங்கள் ஊருக்கு வந்தபின்னும் நிறுவனம் கேன்சல் செய்துகொள்ள முடியும். டிசம்பர் கடைசி வாரத்தில் ஊருக்குப் போகத் துடிப்பவனிடம் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் வாங்கிப் போட்டுவிடுவான் என்பது சில அலுவலகங்களுக்கு நன்றாகத் தெரியும். பாலன் குடில் கட்டும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்ற உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. அந்தத் தவிப்பைத்தான் இங்கே விலை பேசுகிறார்கள்.

இனி, கொஞ்சம் கடுமையாகச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். எட்டரை வருடம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பத்து திர்ஹம் டாக்சி பில்லுக்கும் வவுச்சர் கேட்ட நீங்கள், உங்கள் சொந்த வேலை ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளவில்லை! இது சின்ன விஷயம் அல்ல. நோட்டீஸ் காலம் 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பதே சட்டம். உங்கள் ஒப்பந்தத்தில் 30 என்று இருக்கிறதா, 60 என்று இருக்கிறதா? உங்களுக்கே தெரியாது. எல்லோரும் ஒரு மாதம் என்றார்கள், நீங்களும் ஒரு மாதம் என்று எண்ணிக்கொண்டீர்கள். அது 60 ஆக இருந்தால், விட்டுப்போன 30 நாளுக்கான சம்பளத்தை நீங்கள் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிவரும். அதுவும் பேசிக் கணக்கில் அல்ல, முழுச் சம்பளக் கணக்கில். 5,500 திர்ஹம் அப்படியே போகும்.

ராஜினாமாவை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அதே அலட்சியம். சட்டம் எழுத்துபூர்வமான நோட்டீஸ் கேட்கிறது. வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான் என்று வாதாடலாம். வாதாடவேண்டிய நிலைக்கு ஏன் போகவேண்டும்? அந்த மேனேஜர் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டால், அல்லது ‘ஓகே என்றது லீவுக்கு’ என்று சொல்லிவிட்டால்? சொல்லாமல் வேலைக்கு வரவில்லை என்று உங்கள் பெயரில் அப்ஸ்காண்டிங் புகார் கொடுக்க இடம் கொடுத்ததாகிவிடும். அந்தப் புகார் பதிவானால் பிறகு அமீரகத்தில் வேலை பார்ப்பதே சிக்கலாகும். நவம்பரிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கடைசி நாளுக்குச் சில நாட்களே இருக்கும்போது கேட்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பதிலின் சுருக்கத்தை உங்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காகவே இங்கு முழுதாக அச்சிடுகிறோம்.

இன்றே எச்.ஆர். பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நவம்பர் 23-ஆம் தேதி ராஜினாமா செய்தேன், மேனேஜர் ஏற்றார், கடைசி வேலை நாள் டிசம்பர் 23, எனக்குச் சேரவேண்டிய தொகையின் விவரத்தைத் தாருங்கள் என்று நாலு வரி போதும். அதன் நகல் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் வர வேண்டும். அலுவலக மின்னஞ்சலைக் கடைசி நாள் மாலையே பூட்டிவிடுவார்கள். ஒப்பந்தத்தைத் தொழிலாளர் அமைச்சகத்தின், அதாவது மொஹ்ரேயின், செயலியில் யு.ஏ.இ. பாஸ் மூலம் நுழைந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், லீவுப் பதிவு ஆகியவையும் வேண்டும். ஆனால் ஒன்று: உங்களைப் பற்றிய காகிதத்தைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள். நிறுவனத்தின் கணக்கையோ வாடிக்கையாளர் பட்டியலையோ ‘ஆதாரத்துக்கு இருக்கட்டும்’ என்று சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால், பாக்கி கேட்கப் போன நீங்களே குற்றவாளியாக நிற்கவேண்டி வரும்.

பாஸ்போர்ட்டை லாக்கரில் வைத்திருக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. தொழிலாளியின் ஆவணங்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. கடைசி நாள்வரை காத்திருக்காமல் இப்போதே எழுதிக் கேளுங்கள். தராவிட்டால் மொஹ்ரேயில் புகார் செய்யுங்கள், துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் தெரிவியுங்கள்.

கிராஜுவிட்டி பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது பழைய கதை. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தில், குறைந்த வருட சேவையோடு தானாக விலகியவருக்குக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. புதிய சட்டத்தில் அந்த வெட்டு இல்லை. ஒரு வருடம் முடித்தவர் ராஜினாமா செய்தாலும் முழுத் தொகை உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக், அதற்குமேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். உங்கள் பேசிக் நாளொன்றுக்கு 100 திர்ஹம் என்றால், முதல் ஐந்து வருடத்துக்கு 10,500, மீதி மூன்றரை வருடத்துக்கு 10,500, ஆக 21,000 திர்ஹம். சம்பளமில்லா விடுப்பில் போன நாட்கள் இருந்தால் அந்த அளவுக்குக் குறையும். எடுக்காத வருட விடுப்புக்கும் பேசிக் கணக்கில் பணம் உண்டு. பாக்கி 12 நாள் என்றால் 1,200. டிசம்பர் 23 வரையிலான சம்பளத்தையும் சேர்த்தால் 26,000-க்குச் சற்று மேல் வரும். ஒப்பந்தத்தில் பேசிக் 3,000-க்குக் குறைவாகப் பதிவாகியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். ஒப்பந்தத்தைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவும் காரணம்.

பி.ஆர்.ஓ. தனியாக ஒரு கேன்சலேஷன் பேப்பர் கொண்டுவருவார். அதிலும் ‘பாக்கி பெற்றுக்கொண்டேன்’ என்ற வாசகம் இருப்பது வழக்கம். அரபியில் இருந்தால் புரியாமல் போடாதீர்கள், அங்கே நீதிமன்றம் பார்ப்பது அரபி வாசகத்தைத்தான். பணம் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்து என்று பணிவாக, ஆனால் எழுத்தில், சொல்லுங்கள். நிறுவனம் நேர்மையாக ஜனவரி 6-க்குள் தருவதாகச் சொன்னால், தொகையும் தேதியும் குறிப்பிட்டு, முத்திரையிட்ட கடிதத்தை லெட்டர்ஹெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்தபின் கேட்கலாமா? கேட்கலாம். 2024-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, வேலை உறவு முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அதற்கு முன்பு ஒரு வருடம்தான். 50,000 திர்ஹத்துக்கு மேற்படாத கோரிக்கையை மொஹ்ரேயே விசாரித்து முடிவு சொல்லலாம். உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. இரண்டு வருடம் இருக்கிறதே என்று மறுபடியும் உட்கார்ந்துவிடாதீர்கள். ஜனவரி 7-ஆம் தேதி காலையிலேயே பணம் வராவிட்டால் புகார் பதிவாக வேண்டும். யு.ஏ.இ. பாஸுக்கும் வங்கிக்கும் உங்கள் துபாய் எண்தான் சாவி என்பதால் அந்த சிம்மை ஒப்படைக்காதீர்கள். அங்குள்ள நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதாக இருந்தால் கிளம்பும் முன் அங்கேயே நோட்டரியில் முடியுங்கள். ஊரிலிருந்து அனுப்பினால் இந்திய வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்று முத்திரைக்கு அலையவேண்டும்.

கிரெடிட் கார்டு, கடன் பாக்கி இருந்தால் தீர்த்து கடிதம் வாங்குங்கள். நிரந்தரமாகத் திரும்பிவிட்டபின் என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, உங்கள் வங்கிக்குத் தெரிவித்து மாற்ற வேண்டும்.

நான் இங்கே தொழில் செய்யும் வழக்கறிஞர். அமீரக நீதிமன்றத்தில் ஆஜராகும் உரிமை எனக்கு இல்லை. உங்கள் ஒப்பந்தத்தையும் நான் பார்க்கவில்லை. தேரா அலுவலகம் என்பதால் பொதுச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனம் என்று கருதி எழுதியிருக்கிறேன். துபாயின் டி.ஐ.எஃப்.சி. வட்டாரத்தில் பதிவான நிறுவனம் என்றால் சட்டமே வேறு. எனவே டிசம்பர் 23-க்கு முன் ஒப்பந்தத்தையும் எச்.ஆர். தந்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, அங்கு உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். அதுவரை அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.